ஸ்டாம்ப் அடிக்காத டிக்கெட்

மலை ஏறுறதுல எனக்கு ஒரு ஆசையும் கிடையாது, முதல்லயே சொல்லிடறேன். திருச்சியில பிறந்து வளர்ந்தவ நான். சின்ன வயசுல மலைக்கோட்டைப் படி ஏறினதே இந்த ஜென்மத்துக்குப் போதும். ஆனா போன ஜூன் மாசம் இத்தாலியில ஃபுளோரன்ஸைச் சுத்தியிருக்கற குன்றுகள்ல மூணு நாள் ஏறி இறங்கினேன். ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு என் வீட்டுக்காரர் இன்னிக்கும் எல்லார்கிட்டயும் சொல்றார். என் முழங்காலைக் கேட்டா அது வேற கதை சொல்லும்.

நாங்க மூணு பேர். நான், என் வீட்டுக்காரர், ஸ்கூல் முடிச்ச எங்க பொண்ணு. நியூஜெர்சியில பிளெய்ன்ஸ்பரோவுல ஒரே அபார்ட்மென்ட்ல பதினாலு வருஷமா இருக்கோம். பொண்ணு ஆகஸ்ட்ல டெக்சாஸுக்கு காலேஜ் போக இருந்தா. ஏதோ பாடப்புத்தகத்துல ஃபுளோரன்ஸ் படத்தைப் பார்த்துட்டு, "ஒன் ட்ரிப் அம்மா, ஜஸ்ட் ஒன்"னு ரெண்டு வருஷமா என் பின்னாலயே சுத்தினா. கிரீன் கார்டு வரட்டும், கிரீன் கார்டு வரட்டும்னு சொல்லியே காலத்தை ஓட்டினோம். மார்ச்ல கார்டு வந்துடுச்சு. சொல்றதுக்கு வேற சாக்கு இல்ல.

கார்டு வந்த விஷயம் தெரிஞ்சதும் கோயில்ல பார்க்கற ஒரு ஆன்ட்டி, "அப்பாடா! பெருமாள் கண்ணைத் திறந்துட்டார். முதல்ல ஊருக்குத்தானே?"ன்னு கேட்டாங்க. "இல்ல ஆன்ட்டி, இத்தாலி"ன்னேன். அவங்க முகத்துல ஈயாடல. கையில இருந்த பிரசாதத் தொன்னையோட அப்படியே நின்னாங்க. "ஊருக்கு டிசம்பர்ல போறோம்"னு ஒரு பொய்யையும் சேர்த்து சொல்லிட்டு வந்தேன்.

உண்மை என்னன்னா, ஊருக்குப் போக எனக்கு பயம். ஊர்னா எனக்கு அக்காதான். அப்பா எப்பவோ போயிட்டார். அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு. அம்மா சாவுக்கு நான் போகல. அன்னிலேருந்து அக்கா என்கிட்ட பேசறது இல்ல. இனிமே பேசுவாளா, தெரியாது. நான் போய் வாசல்ல நின்னு, அவ "வாடி"ன்னு ஒரு வார்த்தை சொல்லாம உள்ள திரும்பிப் போயிட்டா, அந்தப் பெட்டியோட நான் எங்க போவேன்? அதுக்கு இத்தாலியே தேவலைன்னு நினைச்சேன்.

ஏன் போகலன்னா, ஸ்டாம்பிங். எங்க ஆளுங்ககிட்ட இந்த ஒரு வார்த்தை போதும், மேற்கொண்டு கேள்வியே கேட்க மாட்டாங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வேலை விசாவை நீட்டிச்சு பேப்பர் வீட்டுக்கே வந்துடும். அதை வச்சுக்கிட்டு அமெரிக்காவுக்குள்ள இருக்கற வரைக்கும் ராஜாங்கம்தான். ஆனா வெளியே ஒரு அடி எடுத்து வச்சா, சென்னையில கான்சுலேட்டுக்குப் போய் பாஸ்போர்ட்ல புது முத்திரை வாங்கினாத்தான் திரும்ப உள்ள விடுவாங்க. அந்தச் சமயத்துல அதுக்கு ஒரு வருஷத்துக்குத் தேதியே இல்ல. வீட்டுல விசா என் பேர்ல. நான் அங்க மாட்டிக்கிட்டா இங்க வேலை போகும். வேலை போனா வீட்டுக்காரரும் பொண்ணும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை முடிஞ்சு பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல ரயிலை விட்டு இறங்கி, பார்க்கிங்ல காரை எங்க விட்டேன்னு தேடிக்கிட்டிருந்தேன். திருச்சியில அப்போ சனிக்கிழமை விடியற்காலை. அக்கா போன் பண்ணினா. "அம்மா போயிட்டாடி. தூக்கத்துலயே"ன்னா. யாரோட கார்னே தெரியல, பக்கத்துல நின்ன ஒரு காரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு பேரும் அழுதோம். அவ மூக்கைச் சிந்திட்டு, "எப்ப கிளம்பற?"ன்னு கேட்டா.

"ஸ்டாம்ப் இல்லக்கா."

"விசா இருக்குன்னியே?"

"விசா இருக்கு. ஸ்டாம்ப்தான் இல்ல. இனிமே எல்லாம் மூடியிருப்பாங்க. திங்கக்கிழமை கேட்டுட்டு சொல்றேன்."

எங்க கம்பெனி வக்கீலைக் கேட்கறதைத்தான் சொன்னேன். வக்கீல்ங்கற வார்த்தை என் வாயில வந்துச்சா இல்லையா, ஞாபகம் இல்ல. சனிப்பொணம் தனியாப் போகாதுன்னு எங்க பக்கம் ஒரு பயம் உண்டு. கூடவே ஒரு கோழியைக் கட்டி அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ளயே எடுத்திருப்பாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் விவரம் கேட்கல. கேட்கத் தெம்பு இல்ல. பதினாறாம் நாள் காரியத்துக்காவது போக முடியுமான்னு பார்க்கத்தான் திங்கக்கிழமை வக்கீலைப் பிடிச்சேன். "போறது உங்க இஷ்டம். திரும்பி வர்றதுக்கு நான் உத்தரவாதம் இல்ல"ன்னுட்டார். அக்காவுக்கு போன் பண்ணி, "ஸ்டாம்ப் கிடைக்காதாம்க்கா, என்னால வர முடியாது"ன்னேன். அவ போனை வச்சா. வச்சதுதான்.

கொஞ்ச நாள் கழிச்சு மாமா பையன் வாட்ஸ்அப்புல ஒரு விஷயம் சொன்னான். "ஒரு ஸ்டாம்பு கிடைக்கலைன்னு பெத்தவளைப் பார்க்க வரல"ன்னு அக்கா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காளாம். எனக்கு வந்ததே கோபம்! என்ன குத்தல் பேச்சு, என்ன நக்கல்! சின்ன வயசுலேருந்து அவ நாக்குல தேள்தான். நான் இங்க துடிச்ச துடிப்பு அவளுக்குக் கேலியாப் போச்சான்னு நானும் வீம்பு பிடிச்சுக்கிட்டேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வாழ்த்து அனுப்புவேன். நீல டிக் விழும். பதில் வராது.

சரி, இத்தாலிக்கு வரேன். முதல் நாள் ஊர் நடுவுல ஓடற ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குன்று. மேல ஒரு பழைய சர்ச், அதுக்கு ஏகப்பட்ட படி. ரெண்டாம் நாள் ஆலிவ் தோப்புகளுக்கு நடுவுல ஒரு பாதை. தோப்பைப் பார்த்தேன்னு சொல்ல மாட்டேன். வழி முழுக்க ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கல் சுவர், சுவருக்கு மேல மரத்தோட தலை மட்டும் தெரிஞ்சுது. பொண்ணு போன்ல வழி பார்த்துக்கிட்டே முன்னால போவா. எப்பக் கேட்டாலும் "ட்வென்ட்டி மினிட்ஸ், அம்மா". அந்த இருபது நிமிஷம் ஒரு தடவையும் இருபது நிமிஷத்துல முடியல. என் வீட்டுக்காரர் புளியோதரை டப்பாவைத் தூக்கிக்கிட்டு, "காத்தைப் பார்த்தியா, காத்தைப் பார்த்தியா"ன்னு வந்தார். காத்தை என்னத்தைப் பார்க்கறது?

மூணாம் நாள் ஃபியேசோலேன்னு ஒரு மலை. ஊருக்கு வடக்கே. பஸ் மேல வரைக்கும் போகும்னு பொண்ணு சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. ஒரு பெட்டிக்கடையில மூணு டிக்கெட் வாங்கினோம். கசங்கிடக் கூடாதுன்னு வீட்டுக்காரர் அதைக் கழுத்துல தொங்கின பாஸ்போர்ட் பைக்குள்ள, பாஸ்போர்ட்டுக்கு நடுவுலயே வச்சார். அந்தப் பாஸ்போர்ட்ல இத்தாலி விசா ஒட்டி வந்த அன்னிக்கு நான் அதைத் தடவித் தடவிப் பார்த்திருக்கேன். பேர் சரியா, தேதி சரியா, மூணு தடவை. அவ்வளவு பயந்தவ நான்.

பஸ்ல ஏறி, உட்கார்ந்து, கண்டக்டர் வருவார்னு காத்துக்கிட்டிருந்தோம். திருச்சியில கண்டக்டர் வருவார். நியூஜெர்சி ரயில்லயும் கண்டக்டர் வந்து டிக்கெட்டை வாங்குவார். இங்கயும் வருவார்தானே? கம்பியில ஒரு சின்ன மெஷின் மாட்டியிருந்தது. ஏறினவங்க சிலர் அதுல ஏதோ காகிதத்தை விட்டு எடுத்தாங்க. டக்குனு ஒரு சத்தம் வரும். காசு குடுத்து டிக்கெட் எடுக்கற மெஷின் போலன்னு நினைச்சேன். பஸ் வளைஞ்சு வளைஞ்சு மேல ஏற ஆரம்பிச்சது. பாதி வழியில நீலச் சட்டை போட்ட ஒரு அம்மா ஏறினாங்க. "இதோ வந்துட்டாங்க"ன்னு என் வீட்டுக்காரர் வெற்றிப் புன்னகையோட பையைத் திறந்து மூணு டிக்கெட்டையும் நீட்டினார்.

அந்த அம்மா டிக்கெட்டை இப்படித் திருப்பிப் பார்த்தாங்க. அப்படித் திருப்பிப் பார்த்தாங்க. மெஷினைக் கையால காட்டினாங்க. அப்புறம் எங்களுக்குப் புரியட்டும்னு இங்கிலீஷ்ல ரெண்டே வார்த்தை சொன்னாங்க.

"நோ ஸ்டாம்ப்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். வீட்டுக்காரர், "வீ பாட் டிக்கெட், மேடம், வீ பாட் டிக்கெட்"னு வாதாடிக்கிட்டிருந்தார். வாங்கினா போதாது, முத்திரை விழணும், விழலைன்னா டிக்கெட் இல்லாத மாதிரிதான்னு அந்த அம்மா பொறுமையா விளக்கினாங்க. அவங்க மேல தப்பே இல்ல. என் சிரிப்பு எந்த இடத்துல அழுகையாச்சுன்னு எனக்கே தெரியல. பஸ்ல இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பார்க்க, ஒரு பொது இடத்துல, கேவிக் கேவி அழுதேன். "அம்மா, இட்ஸ் ஓகே, இட்ஸ் ஜஸ்ட் எ ஃபைன்!"னு பொண்ணு தோளைப் பிடிச்சா. வீட்டுக்காரருக்குப் புரிஞ்சு போச்சு. அவர் பேச்சை நிறுத்திட்டு அபராதத்தைக் கட்டினார். அடுத்த ஸ்டாப்ல, "இறங்குங்க ரெண்டு பேரும். நடந்தே போவோம். நடக்கறதுக்கு யாரும் ஸ்டாம்ப் கேட்க மாட்டான்"னு எங்களை இறக்கினார்.

அங்கிருந்து மேல போக ஒரு பழைய சந்து. பஸ் போற ரோடு சுத்திப் போகுது, இது நேரா வானத்தைப் பார்த்து ஏறுது. மறுபடியும் ரெண்டு பக்கமும் கல் சுவர். வெயில் உச்சந்தலையில. காய்கறிப் பை தூக்கின ஒரு பாட்டியம்மா எங்களைத் தாண்டி விறுவிறுன்னு போனாங்க. நான் பத்து அடிக்கு ஒரு தடவை சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கால் மட்டும் இல்ல, பதினாலு வருஷமும் சேர்ந்து கனத்தது. ஒவ்வொரு ஃபாரமும், ஒவ்வொரு கைரேகையும், தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்ததும்.

"வாட் ஹேப்பன்ட் பேக் தேர்?"னு பொண்ணு விடாம கேட்டா. நின்ன இடத்துலயெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சொன்னேன். பார்க்கிங்ல வந்த போன், திங்கக்கிழமை, வக்கீல், பெரியம்மாவோட குத்தல். எங்கம்மா, அவளோட ஆச்சி, செத்தப்போ அவளுக்குப் பதிமூணு வயசு. நான் போகாததுக்குக் காரணம் வேலைன்னுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருக்கா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது, நான் எதையும் சொன்னதில்ல.

கொஞ்ச தூரம் நடந்துட்டு, "டஸ் பெரியம்மா நோ வாட் ஸ்டாம்பிங் இஸ்?"னு கேட்டா.

"எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே குத்திக் காட்டறா."

"ஹௌ வுட் ஷி நோ? ஐ டிட்ன்ட் நோ. ஐ லிவ் வித் யூ."

"வாயை மூடிக்கிட்டு நடடி"ன்னேன். எனக்குப் பதில் தெரியாதப்போ நான் சொல்ற பதில் அது.

மேல ஒரு சின்ன சதுக்கம். அதையும் தாண்டி இன்னொரு செங்குத்தான ஏத்தம், ஒரு பழைய மடத்துக்குப் போறது. அதுக்கு நடுவுல பெஞ்சு போட்டிருந்தாங்க. அங்க உட்கார்ந்தா கீழே ஃபுளோரன்ஸ் முழுக்க, தாம்பாளத்துல எடுத்து வச்ச மாதிரி தெரிஞ்சது. ஓட்டுக் கூரைகள், நடுவுல பெரிய சர்ச்சோட செங்கல் கும்மட்டம், சுத்தி வெயில்ல வெளுத்த குன்றுகள். அழகுதான், இல்லைன்னு சொல்லல. அலுத்துப் போனவளுக்கு அழகு எங்க கண்ணுல ஏறும்? நான் ஷூவைக் கழட்டினேன். வீட்டுக்காரர் புளியோதரை டப்பாவைத் திறந்து, "ரெண்டு வாய் சாப்பிடு முதல்ல"ன்னார். நல்ல மனுஷர். இத்தனை வருஷமும் என் விசாவுல தொத்திக்கிட்டு இருக்கோமேன்னு அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு வலி உண்டு, எனக்குத் தெரியும்.

ரெண்டாவது வாய் உள்ள போறப்போ பார்த்தா, பொண்ணு தள்ளி நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தா. மலையைப் படம் பிடிக்கறான்னு நினைச்சேன். அப்புறம்தான் அவளோட அரைகுறைத் தமிழ் காதுல விழுந்தது.

"பெரியம்மா, நாங்க மலை. இத்தாலி. அம்மா அழுதா. பஸ்ல ஸ்டாம்ப் இல்ல."

அக்காவுக்கு என் மேலதான் கோபம், குழந்தை மேல இல்ல. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளுக்கு ரோஜாப்பூ படம் போட்டு வாழ்த்து அனுப்புவா. இவ அந்த நம்பருக்கு வீடியோ கால் போட்டிருக்கா. நான் வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்ட ஆட்ட, போனைக் கொண்டு வந்து என் கையில திணிச்சுட்டு நகர்ந்துட்டா.

திரையில அக்கா. முடி பாதிக்கு மேல நரைச்சிருந்தது. நாலு வருஷத்துல இவ்வளவா? என் கண்ணு, மூக்கு எல்லாத்தையும் ஒரு சுத்து பார்த்தா. அப்புறம், "என்னடி, மறுபடியும் ஸ்டாம்பா?"ன்னா.

புளியோதரைக் கையோட விக்கி விக்கி சொன்னேன். "டிக்கெட் வாங்கினோம்க்கா. கையில வச்சிருந்தோம். அதை ஒரு மெஷின்ல விட்டு முத்திரை அடிக்கணுமாம். முத்திரை இல்லைன்னா டிக்கெட் செல்லாதாம்."

"டிக்கெட் வாங்கியுமா?"

"வாங்கியும்தான்."

"இது என்ன அநியாயமா இருக்கு!"

"அன்னிக்கும் இதேதான்க்கா"ன்னேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ. "விசா பேப்பர் கையில இருந்தது. பாஸ்போர்ட்ல முத்திரை அடிக்கல. அதை அடிக்கறவன் சென்னையில கான்சுலேட்ல இருக்கான். ஒரு வருஷத்துக்கு அவனைப் பார்க்கவே தேதி கிடையாது. நான் அங்க வந்திருந்தா என்னைத் திரும்ப உள்ள விட்டிருக்க மாட்டாங்க. அதைத்தான் ஸ்டாம்ப்னேன்."

அக்கா பின்னால ஓடிக்கிட்டிருந்த டிவியை நிறுத்தச் சொல்லி யார்கிட்டயோ கையைக் காட்டினா. சத்தம் நின்னது.

"அப்ப அது போஸ்ட் ஆபீஸ் ஸ்டாம்ப் இல்லையா?"

குத்தறாளான்னு அவ முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துல குத்தல் இல்ல. அவ நிஜமாத்தான் கேட்டா. நாலு வருஷமும் அவ நிஜமாத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா.

"இல்லக்கா."

"ஏதோ காகிதத்துல ஒட்டணும் போலன்னு நினைச்சேன்டி. எல்லாம் மூடியிருப்பாங்க, திங்கக்கிழமை கேட்டுட்டு சொல்றேன்னியே. காலையில போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் வாங்கி ஒட்டிக்கிட்டு நீ பிளேன் ஏறிடுவேன்னு நினைச்சேன். அதான் அம்மாவை எடுக்க விடல."

"எடுக்கலையா?"

"ஐஸ் பெட்டி கொண்டு வரச் சொல்லி அதுல வச்சேன். எல்லாரும் என்னைத் திட்டினாங்க. சனிப்பொணத்தை வீட்டுல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளேன்னாங்க. உங்க அத்தான்கூட சண்டை போட்டார். சின்னவ வரட்டும், அவ அம்மா முகத்தைப் பார்க்காம அனுப்ப மாட்டேன்னு நான்தான் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். திங்கக்கிழமை ராத்திரி நீ ஸ்டாம்ப் கிடைக்காதுன்னு சொன்ன. செவ்வாய்க்கிழமை காலையில எடுத்தோம்."

மூணு நாள். நான் அம்மா போயாச்சுன்னு நினைச்சு இங்க அழுதுக்கிட்டிருந்த மூணு நாளும், அம்மா அங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கா. கேமராவை நான் எப்படிப் பிடிச்சிருந்தேனோ, அக்காவுக்கு என் முகத்துக்குப் பதில் மலையும் வானமும்தான் தெரிஞ்சிருக்கணும். "ஏய், இருக்கியா? போனை நேராப் பிடி"ன்னு அதட்டினா. நேராப் பிடிச்சேன். அவளும் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தா.

"இப்பவும் அந்த ஸ்டாம்ப் வேணுமாடி உனக்கு?"

"வேண்டாம்க்கா. மார்ச்லயே கார்டு வந்துடுச்சு."

"அப்புறம் இத்தாலியில என்னடி பண்ற?"ன்னா அக்கா.